மஞ்சள் காமாலை: எந்த வைரஸ் என்று கண்டுபிடிப்பது எப்படி?

ஒரே பகுதியில் சில வாரங்களுக்குள் பலருக்குக் கண் மஞ்சளாகிவிட்டது என்று தகவல் வந்தால், பெரும்பாலும் குளோரினோடுதான் முதல் குழு கிளம்பும். அதில் தவறில்லை. ஆனால் 2009-இல் குஜராத்தின் மொடாசாவில் பரவிய காமாலைக்குக் குடிநீர் காரணமல்ல. சரியாகச் சுத்தம் செய்யாத ஊசிகள் வழியே பரவிய ஹெபடைடிஸ் பி (பி வைரஸால் வரும் கல்லீரல் அழற்சி) அது. அங்கே எத்தனை தொட்டிகளில் குளோரின் கொட்டியிருந்தாலும் ஒரு நோயாளிகூடக் குறைந்திருக்கமாட்டார். ஏ, ஈ வைரஸ்கள் மலம் கலந்த நீரிலும் உணவிலும் வருபவை. பி, சி, டி வைரஸ்கள் ரத்தம், ஊசி, உடலுறவு, பிரசவம் வழியே வருபவை. வைரஸின் பெயர் தெரிந்தால்தான் எந்த வழியை அடைப்பது என்று தெரியும்.

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்கள், ஆய்வக நுட்பநர்கள், நோய்க் கண்காணிப்புப் பணியாளர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். கூட்டமாக வரும் காமாலைக்கும், அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும் காமாலைக்கும் பொருந்தும். ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வோம்: ரத்தத்தில் ஒரு வைரஸின் அடையாளம் கிடைப்பது வேறு, இந்தக் காமாலையைக் கொண்டுவந்தது அந்த வைரஸ்தான் என்பது வேறு.

முதலில், இது வைரஸ் அழற்சிதானா?

காமாலையோடு வரும் எல்லோருக்கும் எலைசா (வைரஸின் புரதத்தையோ அதற்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளையோ ரத்தத்தில் தேடும் சோதனை) தேவைப்படாது. எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி (கல்லீரல் செல்கள் சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் நொதிகள்), ஆல்கலைன் பாஸ்படேஸ் (பித்தநீர் தேங்கினால் ஏறும் நொதி), மொத்த பிலிருபின் (கண்ணை மஞ்சளாக்கும் நிறமி), நேரடி பிலிருபின், ரத்த அணு எண்ணிக்கை, கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது), ஐஎன்ஆர் (ரத்தம் உறைவதில் உள்ள தாமதத்தைக் காட்டுவது) இவ்வளவும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. வைரஸ் அழற்சியில் எஸ்ஜிபிடி பெரும்பாலும் இயல்பின் உச்ச வரம்பைப் போலப் பத்து மடங்குக்கு மேல் போகும்.

சந்தேகமாக இருந்தால் ஒரு சின்னக் கணக்குப் போடலாம். எஸ்ஜிபிடி 1200, அதன் உச்ச வரம்பு 40 என்றால் 30 மடங்கு. ஆல்கலைன் பாஸ்படேஸ் 180, உச்ச வரம்பு 120 என்றால் 1.5 மடங்கு. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 20. இந்த எண் 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் கல்லீரல் செல்கள் சிதைகின்றன. 2 அல்லது அதற்குக் கீழே என்றால் பித்தநீர் தேங்குகிறது, ஸ்கேன் எடுங்கள். ஆனால் ஹெபடைடிஸ் ஏ வந்த சிலருக்குப் பித்தநீர்த் தேக்கம் வாரக்கணக்கில் நீடித்து, எஸ்ஜிபிடி இறங்கிய பின்பும் பிலிருபின் உயரத்திலேயே நிற்கும். தாமதமாக வந்தவரை இந்தக் கணக்கை மட்டும் நம்பி ஒதுக்காதீர்கள்.

நம் ஊரில் ஆளைக் குழப்புபவை சில உண்டு. எலிக்காய்ச்சலில் பிலிருபின் 15, 20 என்று ஏறியிருக்கும், ஆனால் எஸ்ஜிபிடி 200-ஐத் தாண்டுவது அரிது. கிரியேட்டினினும் வெள்ளணுக்களும் கூடியிருக்கும், கெண்டைக்கால் தசை வலிக்கும், கண் சிவந்திருக்கும். டெங்குவில் எஸ்ஜிஓடி எஸ்ஜிபிடியை முந்தும், தட்டணுக்கள் சரியும். குடிப்பழக்கத்தால் வந்த அழற்சியில் எஸ்ஜிஓடி எஸ்ஜிபிடியைப் போல இரண்டு மடங்காக இருக்கும், ஆனால் இரண்டும் சில நூறுகளிலேயே நிற்கும். காசநோய் மாத்திரை தொடங்கி முதல் இரண்டு மாதத்தில் இருப்பவரையும், பாரசிட்டமாலை அளவுக்கு மீறி விழுங்கியவரையும் ரத்த எண்களை மட்டும் கொண்டு வைரஸ் நோயாளியிடமிருந்து பிரிப்பது கடினம். கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு அடையாளம் காய்ச்சல். ஏ, ஈ அழற்சியில் கண் மஞ்சளாகும் நேரத்தில் காய்ச்சல் பொதுவாக விட்டுவிடும். காமாலை வந்த பின்பும் 102, 103 டிகிரி எரிகிறது என்றால் எலிக்காய்ச்சல், மலேரியா, உண்ணிக்காய்ச்சல், பித்தப்பைத் தொற்று இவற்றை முதலில் தேடுங்கள்.

பட்டியலும் தேதியும்

ஆய்வகத்துக்கு மாதிரி போவதற்கு முன்பே, தேதிகளை ஒழுங்காகக் குறித்தால் பாதி விடை வந்துவிடும். ஒவ்வொரு நோயாளிக்கும் வயது, பாலினம், தெரு, குடிநீர் எந்தக் குழாயிலிருந்து வருகிறது, முதல் அறிகுறி தோன்றிய நாள், சிறுநீர் மஞ்சளான நாள், கர்ப்பமாக இருந்தால் எத்தனையாவது மாதம், கடந்த ஆறு மாதத்தில் ஊசி, ரத்தம் ஏற்றியது, பல் பிடுங்கியது, பச்சை குத்தியது, டயாலிசிஸ், வெளியூர்ப் பயணம், ஹெபடைடிஸ் ஏ அல்லது பி தடுப்பூசி, சாப்பிட்ட மருந்துகள் ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள்.

நோய் தொடங்கிய நாளை மக்கள் பல விதமாகச் சொல்வார்கள். பசியின்மை எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் தெளிவாக நினைவிருக்காது. சிறுநீர் எப்போது மஞ்சளானது என்று கேளுங்கள், அதைச் சரியாகச் சொல்வார்கள். நாட்டு மருந்து பற்றிக் கேட்கும்போது, காமாலை வருவதற்கு முன்பு குடித்ததா, வந்த பிறகு குடித்ததா என்று பிரித்து எழுதுங்கள். காமாலை கண்டதும் கீழாநெல்லி அரைத்துக் குடிப்பது இங்கே வழக்கம், அது நோயின் காரணமாகாது. முன்பே மூட்டுவலிக்கோ தோல் நோய்க்கோ மாதக்கணக்கில் சாப்பிட்ட சூரணம் காரணமாக இருக்கலாம். கடிந்துகொள்ளாமல் கேட்டால்தான் சொல்வார்கள்.

பிறகு நாள்வாரியாக எண்ணிக்கையை வரைபடமாகப் போடுங்கள். தொற்றியதிலிருந்து அறிகுறி தோன்றும் வரை ஹெபடைடிஸ் ஏ 15 முதல் 50 நாள் எடுக்கும், சராசரி 28. ஹெபடைடிஸ் ஈ இரண்டு முதல் எட்டு வாரம், சராசரி ஐந்தாறு வாரம். ஹெபடைடிஸ் பி ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை. ஹெபடைடிஸ் சி இரண்டு வாரத்திலிருந்து ஆறு மாதம் வரை. உச்சத்திலிருந்து பின்னோக்கி எண்ணினால் எந்த வாரத்தில் குழாய் உடைந்தது, எந்த மழையில் கழிவுநீர் ஏறியது என்று தேட ஒரு இடம் கிடைக்கும்.

இதற்கு டெல்லி 1955-56 நல்ல பாடம். யமுனை தன் போக்கை மாற்றியதால் நஜஃப்கர் வடிகாலின் சாக்கடை, வஸீராபாத் நீரேற்று நிலையத்துக்கு நீர் எடுக்கும் இடத்தை எட்டியது. அது 1955 நவம்பரில். டிசம்பரில் காமாலை தொடங்கி ஜனவரியில் அடங்கியது, ஏறத்தாழ 29,000 பேருக்குக் கண் மஞ்சளானது. சாக்கடை கலப்பது தெரிந்து குளோரினையும் படிகாரத்தையும் கூட்டியிருந்தார்கள். டைஃபாய்டோ வயிற்றுப்போக்கோ பரவவில்லை, காமாலை மட்டும் பரவியது. கோலிஃபார்ம் பரிசோதனை (நீரில் மலக் கிருமி உண்டா என்று பார்ப்பது) சரியாக இருக்கிறது, வயிற்றுப்போக்கு இல்லை, ஆகவே தண்ணீர் காரணமில்லை என்று யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள். மாதிரி எடுக்கும் நாளில் நீர் சுத்தமாக இருப்பதும் வியப்பில்லை. தொற்று நடந்தது ஒரு மாதத்துக்கும் முன்பு.

ஏ-யா ஈ-யா என்று களத்திலேயே ஊகிக்க இரண்டு தடயங்கள் உண்டு. ஒன்று வயது. 15 முதல் 40 வயதுக்காரர்கள் அதிகம், அவர்களிலும் ஆண்கள் அதிகம், கர்ப்பிணிகள் கடுமையாகப் பாதிக்கப்படுகிறார்கள் என்றால் ஈ. குழந்தைகள் அதிகம் என்றால் ஏ. ஆனால் சுகாதாரம் மேம்பட்ட இடங்களில் சிறுவயதில் ஏ வைரஸைச் சந்திக்காமலே வளர்கிறார்கள். கேரளத்தில் இளைஞர்களிடமும் நடுவயதினரிடமும் ஏ பரவல்கள் வருவது இதனால்தான். வயதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். இரண்டாவது தடயம் வீட்டுக்குள் பரவுதல். ஒரு வீட்டில் முதல் நோயாளிக்கு மூன்று நான்கு வாரம் கழித்து அடுத்தவருக்கும் வருவது ஏ-யில் சகஜம். ஈ-யில் அப்படி வீட்டுக்குள் தொற்றுவது நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான். ஒரே வீட்டில் ஒரே வாரத்தில் மூன்று பேருக்கு வந்தால் மூவரும் ஒரே தண்ணீரைக் குடித்தார்கள் என்றுதான் பொருள்.

மாதிரி எடுத்தல்

எல்லோருக்கும் ரத்தம் எடுக்காதீர்கள். பரவல் ஒன்றுக்கு 15 முதல் 20 பேர் போதும். சிறுநீர் மஞ்சளாகி இரண்டு வாரம் தாண்டாதவர்களாக, பல தெருக்களிலிருந்தும் பல வயதிலுமாகத் தேர்ந்தெடுங்கள். அவர்களில் ஐந்தாறு பேராவது முதல் வாரத்துக்குள் இருப்பவர்களாக இருக்கட்டும், அவர்களிடம் மலமும் வாங்குங்கள். கர்ப்பிணிகள், நினைவு தடுமாறுபவர்கள், ஐஎன்ஆர் 1.5-க்கு மேல் போனவர்கள் இந்த எண்ணிக்கைக்கு அப்பாற்பட்டவர்கள். அவர்கள் எல்லோருக்கும் எடுக்க வேண்டும். அவர்களுக்கு மருத்துவமனைப் படுக்கை பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கக்கூடாது.

சிவப்பு மூடிக் குழாயில் 5 மி.லி. ரத்தம் எடுத்து, அரை மணி நேரம் நிமிர்த்தி வையுங்கள். உறைந்த பிறகு 1000 முதல் 1500 ஜி விசையில் பத்து நிமிடம் சுழற்றிச் சீரத்தைப் பிரியுங்கள். பிசிஆர் (வைரஸின் மரபணுவையே பெருக்கித் தேடும் சோதனை) செய்யப்போகிறீர்கள் என்றால் ஊதா மூடி ஈடிடிஏ குழாயில் இன்னொரு 3 மி.லி. எடுங்கள். பச்சை மூடிக் குழாய் வேண்டவே வேண்டாம். அதிலிருக்கும் ஹெப்பாரின் பிசிஆரை அடக்கிவிடும், வைரஸ் இருந்தும் இல்லை என்று வரும்.

அடிக்கடி கெட்டுப்போவது எங்கே என்றால், பிரிக்காத ரத்தக் குழாயை நேராக ஐஸ் பேக் மேல் படுக்கப்போட்டு அனுப்புவதில். சிவப்பணு உறைந்து உடைந்து சீரம் செந்நிறமாகிவிடும். முகாமில் சுழற்றும் கருவி இல்லையென்றால், குழாய்களைத் தாங்கியில் நிமிர்த்தி, ஐஸ் பேக்குக்கும் குழாய்க்கும் நடுவே பஞ்சோ செய்தித்தாளோ வைத்து, அன்றைக்கே பிரிக்கும் இடத்துக்குக் கொண்டு சேருங்கள்.

சீரத்தைக் குறைந்தது மூன்று சிறு குழாய்களில் 0.5 மி.லி. வீதம் பிரித்து வையுங்கள். ஒன்று எலைசாவுக்கு, ஒன்று பிசிஆருக்கு, ஒன்று சேமிப்புக்கு. ஒரே குழாயை நான்கு தடவை உருக்கி உறைய வைத்தால் வைரஸின் மரபணுப் பொருளான ஆர்என்ஏ சிதையும். இரண்டு மூன்று நாளில் எலைசா நடக்குமென்றால் 2 முதல் 8 டிகிரி போதும், அதற்கு மேல் தாமதமென்றால் மைனஸ் 20. பிசிஆர் குழாய் மைனஸ் 70-இல் இருக்க வேண்டும். சீரத்தை 56 டிகிரியில் சூடாக்கிச் செயலிழக்க வைக்கும் பழைய வழக்கம் ஐஜிஎம் (புதிய தொற்றில் முதலில் உருவாகும் எதிர்ப்பொருள்) எலைசாவில் பொய்யான பாசிட்டிவைத் தரும். சோடியம் அசைடு சேர்த்தால் எலைசாவின் பெராக்ஸிடேஸ் நொதி வேலை செய்யாது.

மலம் 5 முதல் 10 கிராம், வாயகன்ற சுத்தமான டப்பாவில், எந்தப் பாதுகாப்புத் திரவமும் இல்லாமல் எடுக்க வேண்டும்.

சேமிப்புக் குழாயை யாரும் பொருட்படுத்துவதில்லை. டெல்லிப் பரவலின் சீரங்கள் அப்படிச் சேமிக்கப்பட்டதால்தான், ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழித்து ஹெபடைடிஸ் ஏ, பி பரிசோதனைகள் வந்த பிறகு அவற்றை மறுபடி சோதித்து, 1980-இல் அது ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை என்று சொல்ல முடிந்தது. ஈ வைரஸின் துகளை 1983-இல் சோவியத் விஞ்ஞானி பலயானின் குழு எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டது. அதன் மரபணு 1990-இல்தான் பிடிபட்டது.

எந்தப் பரிசோதனை, எப்படிப் படிப்பது

முதல் சுற்றில் நான்கு: ஏ வைரஸுக்கு ஐஜிஎம், ஈ வைரஸுக்கு ஐஜிஎம், எச்பிஎஸ்ஏஜி (பி வைரஸின் மேற்பரப்புப் புரதம்), பி வைரஸின் கோர் ஐஜிஎம் (அதன் உள்கருப் புரதத்துக்கு எதிரான ஐஜிஎம்). தனி நோயாளி என்றால், அல்லது ஊசி சம்பந்தப்பட்ட சந்தேகம் என்றால் ஐந்தாவதாக ஹெபடைடிஸ் சி.

ஏ வைரஸின் ஐஜிஎம் எளிமையானது. அறிகுறி தொடங்கும்போதே இருக்கும், மூன்று முதல் ஆறு மாதம் நீடிக்கும். முதல் இரண்டு மூன்று நாளில் எடுத்த மாதிரி சில சமயம் நெகட்டிவாக வரும், ஒரு வாரம் கழித்து மறுபடி எடுங்கள். அண்மையில் ஏ தடுப்பூசி போட்டவருக்குக் கொஞ்ச நாள் பாசிட்டிவ் வரலாம். அறிகுறியே இல்லாத பெரியவருக்கு இந்தப் பரிசோதனையைச் செய்யவே கூடாது. வருவதில் பெரும்பகுதி பொய்.

ஈ வைரஸின் ஐஜிஎம்-இல் கிட்டுக்குக் கிட்டு தரம் வெகுவாக மாறும். ஒரே சீரம் ஒரு கிட்டில் பாசிட்டிவ், இன்னொன்றில் நெகட்டிவ் என்று வருவதுண்டு. எப்ஸ்டைன்-பார், சைட்டோமெகலோ வைரஸ் தொற்றுகளிலும், ருமடாய்டு காரணி (முடக்குவாதத்தில் பெரும்பாலும் காணப்படும் எதிர்ப்பொருள்) இருப்பவர்களிடமும் பொய்யான பாசிட்டிவ் வரும். 20 பேரில் 16 பேர் பாசிட்டிவ் என்றால் கவலையில்லை. 20-இல் 3 பேர் மட்டும் என்றால் அது இந்தப் பரவலின் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு, வேறு எதையோ தவறவிட்டிருக்கிறீர்கள். ஒப்பீட்டுக்கு ஆரோக்கியமானவர்களின் ரத்தம் எடுக்க நினைத்தால், அதே குழாயில் குடிப்பவர்களிடம் எடுக்காதீர்கள். ஈ தொற்றியவர்களில் காமாலையே வராதவர்கள்தான் அதிகம், அவர்களுக்கும் ஐஜிஎம் இருக்கும். வேறு நீர்த்தொட்டியிலிருந்து குடிநீர் பெறும் பகுதியில் எடுங்கள்.

ஏ, ஈ இரண்டும் பாசிட்டிவாக வரும் ஆட்கள் இருப்பார்கள். சாக்கடை கலந்தால் இரண்டு வைரஸும் சேர்ந்தே வரலாம், அது உண்மையான இரட்டைத் தொற்றாகவும் இருக்கலாம். பிசிஆர் செய்தால் தெளிவாகும். முடியாவிட்டால் எந்த ஐஜிஎம் வலுவாக இருக்கிறது, மற்ற நோயாளிகளில் எது மிகுதி என்று பாருங்கள்.

இப்போது பி. அதிகம் தவறு நடப்பது இங்கேதான். எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் என்று வந்ததும் காரணம் கிடைத்துவிட்டது என்று கோப்பை மூடிவிடுகிறார்கள். இந்தியாவில் நூறு பேரில் இரண்டிலிருந்து நான்கு பேர் நாள்பட்ட பி வைரஸைச் சுமப்பவர்கள். ஈ வைரஸ் வந்த 50 பேரைச் சோதித்தால் ஒருவருக்கோ இருவருக்கோ எச்பிஎஸ்ஏஜி இருக்கத்தான் செய்யும். அவர்களுக்கும் காமாலை வந்தது ஈ வைரஸால். பி-யை ஏற்கெனவே சுமக்கும் கல்லீரலில் ஈ சேர்ந்தால் நிலை மோசமாகும் என்பதால் இதைத் தவறவிடுவது ஆபத்தும்கூட. ஆகவே எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் வந்தவருக்குக் கோர் ஐஜிஎம் கட்டாயம். அது வலுவாக வந்தால் புதிய பி தொற்று. நெகட்டிவ் என்றால் நாள்பட்ட சுமப்பாளர், காமாலைக்கு வேறு காரணம் தேடுங்கள். மெலிதாக வந்தால் நாள்பட்ட பி திடீரென்று கிளர்ந்திருக்கலாம். முன்பு எப்போதாவது எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் வந்ததா என்று கேளுங்கள், வீட்டில் தாய்க்கும் உடன்பிறந்தவர்களுக்கும் சோதியுங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. பி வைரஸால் கல்லீரல் அதிவேகமாகச் செயலிழக்கும்போது எச்பிஎஸ்ஏஜி மறைந்துவிட்டிருக்கலாம். கோர் ஐஜிஎம் ஒன்றுதான் அப்போது சாட்சி. நினைவு தடுமாறும் நோயாளிக்கு எச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ் என்பதால் அதை விட்டுவிடக்கூடாது.

டி வைரஸ் பி இல்லாமல் வாழாது. எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் ஆனவர் எதிர்பாராத அளவுக்கு மோசமானால் டி எதிர்ப்பொருளும் ஆர்என்ஏவும் பாருங்கள். அவரிடம் கோர் ஐஜிஎம் வலுவாக இருந்தால் பி-யும் டி-யும் ஒன்றாக வந்தவை, இல்லையென்றால் பழைய பி மேல் டி ஏறியது.

சி-யில் எதிர்ப்பொருள் உருவாக எட்டு முதல் பதினோரு வாரம் ஆகலாம். காமாலையின் முதல் வாரத்தில் நெகட்டிவ் வந்தால் சி இல்லை என்று கொள்ள முடியாது. ஆர்என்ஏ ஒன்றிரண்டு வாரத்திலேயே தெரியும். எதிர்ப்பொருள் நெகட்டிவ், ஆர்என்ஏ பாசிட்டிவ் என்றால் அது புதிய தொற்று. டயாலிசிஸ் மையத்தில் இருவருக்கு எஸ்ஜிபிடி உயர்ந்தால் நேராக ஆர்என்ஏவுக்குப் போங்கள்.

எலைசா தட்டில் கவனிக்க வேண்டியவை

கிட் பெட்டியிலிருக்கும் தாளில் எழுதியிருப்பதே சட்டம். கிட் மாறினால் நேரமும் நீர்த்தலும் மாறும், மனப்பாடமாகச் செய்யாதீர்கள். எல்லாக் கிட்டுக்கும் பொதுவானவற்றைச் சொல்கிறோம்.

வினைப்பொருட்களைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அரை மணி நேரம் அறை வெப்பத்தில் வையுங்கள். குளிர்ந்த திரவம் ஊற்றிய தட்டில் ஓரக் குழிகள் ஒரு மாதிரியும் நடுக் குழிகள் ஒரு மாதிரியும் நிறம் காட்டும். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இன்குபேட்டரில் அடுக்கினாலும் இதே கதிதான்.

கழுவுவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். குழிக்கு 350 மைக்ரோ லிட்டர், ஐந்தாறு தடவை, ஒவ்வொரு தடவையும் 30 நொடி ஊற விட்டு, கடைசியில் தட்டைக் கவிழ்த்து உறிஞ்சு தாளில் நன்றாகத் தட்டுங்கள். கழுவும் கருவியின் ஒரு ஊசி அடைத்துக்கொண்டால் அந்த வரிசை முழுதும் நிறம் ஏறும். ஒரே வரிசையில் அடுத்தடுத்து பாசிட்டிவ் வந்தால் நோயைச் சந்தேகிப்பதற்கு முன் ஊசியைப் பாருங்கள். மிக வலுவான பாசிட்டிவுக்குப் பக்கத்துக் குழியில் மெலிதான பாசிட்டிவ் வந்தால் கழுவும்போது வழிந்திருக்கலாம், அந்த மாதிரியை வேறு இடத்தில் வைத்து மறுபடி செய்யுங்கள்.

நிறம் ஏறும் கரைசலை இருட்டில் வையுங்கள். நிறுத்தும் அமிலம் ஊற்றியபின் 450 நானோமீட்டரில், 620 முதல் 650 வரையிலான ஒப்பு அலைநீளத்தோடு, பத்து பதினைந்து நிமிடத்துக்குள் படித்துவிட வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஒரு கிட்டில் வரம்பு மதிப்பு என்பது நெகட்டிவ் கன்ட்ரோல்களின் (தொற்று இல்லை என்று தெரிந்த ஒப்பீட்டு மாதிரிகளின்) சராசரியோடு 0.25 கூட்டியது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 0.05 வந்தால் வரம்பு 0.30. மாதிரி 1.50 காட்டினால், அதை வரம்பால் வகுத்த விகிதம் 5, சந்தேகமில்லை. 0.31 காட்டினால் விகிதம் 1.03. கருவி பாசிட்டிவ் என்றுதான் அச்சடிக்கும், நீங்கள் அப்படி எழுதாதீர்கள். 0.9 முதல் 1.1 வரை சந்தேகப் பகுதி. அதை இரட்டைக் குழியில் மறுபடி செய்யுங்கள், மறுபடியும் அப்படியே வந்தால் ஏழு முதல் பத்து நாள் கழித்து இரண்டாவது ரத்தம் கேளுங்கள். உண்மையான புதிய தொற்றில் ஐஜிஎம் அல்லது ஐஜிஜி (ஐஜிஎம்-க்குப் பின் உருவாகி நெடுநாள் நீடிக்கும் எதிர்ப்பொருள்) ஏறியிருக்கும், பொய்யாக இருந்தால் அங்கேயே நிற்கும். நெகட்டிவ் கன்ட்ரோலே தாளில் சொன்ன வரம்பைத் தாண்டினால் தட்டு முழுவதையும் தள்ளுங்கள். பரவல் நேரத்தில் மேலிருந்து நெருக்குவார்கள், பழுதான தட்டிலிருந்து பாதி முடிவை எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். கொடுக்காதீர்கள்.

விரல் குத்திச் செய்யும் விரைவுப் பட்டைகள் முகாமில் எச்பிஎஸ்ஏஜிக்கு உதவும். ஈ-க்கான விரைவுப் பட்டையில் மங்கலான கோடு வந்தால் எலைசாவில் உறுதிசெய்யாமல் எழுத வேண்டாம்.

பிசிஆர் எப்போது

ஈ வைரஸின் ஆர்என்ஏ காமாலை தோன்றிய சில நாட்களிலேயே ரத்தத்தில் குறையத் தொடங்கும். மலத்தில் இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். ஆகவே முதல் வாரத்து மாதிரிதான் பயன்படும். மூன்றாவது வாரத்தில் பிசிஆர் நெகட்டிவ் என்பதால் ஈ இல்லை என்று சொல்ல முடியாது. ஏ வைரஸ் மலத்தில் உச்சத்தில் இருப்பது கண் மஞ்சளாவதற்கு முந்தைய இரண்டு வாரங்களில், எனவே நோயாளி மருத்துவமனைக்கு வரும்போது அளவு இறங்கியிருக்கும்.

மலத்தைப் பாஸ்பேட் உப்புக்கரைசலில் நூற்றுக்குப் பத்து என்ற அளவில் கரைத்துச் சுழற்றி, மேலே தெளிந்ததை எடுத்து ஆர்என்ஏ பிரியுங்கள். மலத்தில் பிசிஆரைத் தடுக்கும் பொருட்கள் நிறைய. உள்கட்டுப்பாட்டின் (சோதனை சரியாக நடந்ததா என்று பார்க்க மாதிரியோடு சேர்ப்பதன்) சிடி மதிப்பு (தென்படுவதற்கு எத்தனை பிசிஆர் சுழற்சி ஆனது என்ற எண்) வழக்கத்தைவிட மூன்று நான்கு தாண்டிப் பின்தங்கினால், பிரித்த ஆர்என்ஏவைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் வெறும் நீரை ஆர்என்ஏ பிரிப்பதிலிருந்தே ஒரு மாதிரியாகக் கூடவே நடத்திச் செல்லுங்கள். அது பாசிட்டிவாக வந்தால் அன்றைய சுற்று முழுதும் செல்லாது. 38-க்கு மேல் ஒற்றைக் குழியில் வரும் சிடியை நம்பாமல், மூல மாதிரியிலிருந்து மறுபடி பிரித்துச் செய்யுங்கள்.

ஈ வைரஸுக்கு, புரதம் செய்யும் மரபணுப் பகுதிகளான ஓஆர்எஃப் 2-உம் 3-உம் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் பகுதி எல்லா மரபணு வகைகளிலும் ஒத்திருக்கும், ரியல்டைம் பிசிஆருக்கு அதுவே நல்ல குறி. வரிசைப்படுத்தும் வசதி இருந்தால் ஐந்தாறு மாதிரிகளைச் செய்யுங்கள். இந்தியாவில் மனிதர்களிடம் கிடைப்பது பெரும்பாலும் ஈ வகை 1, ஏ வைரஸில் மூன்று-ஏ. வகை தெரிவதைவிட, வெவ்வேறு தெரு நோயாளிகளின் வரிசைகள் ஒன்றுபோல இருக்கின்றனவா என்பதே விசாரணைக்கு உதவும். குடிநீரில் வைரஸைத் தேடுவதென்றால் பல லிட்டர் நீரைச் செறிவாக்க வேண்டும். கிடைத்தால் நல்ல சான்று, கிடைக்காவிட்டால் நீர் குற்றமற்றது என்று ஆகாது.

தனித்தனியாக வரும் நோயாளி

இங்கே கூட்டத்தின் துணை இல்லை, ஒரே ஆளின் ரத்தத்திலிருந்து முடிவெடுக்க வேண்டும். அதனால் எல்லா அடையாளங்களையும் ஒரே நேரத்தில் பாருங்கள், எந்த ஒரு பாசிட்டிவையும் இரண்டாவது மாதிரியாலோ பிசிஆராலோ உறுதிசெய்யப் பாருங்கள். இந்தியப் பெரியவர்களிடம் தனியாக வரும் கடும் அழற்சிக்கும் முதல் சந்தேகம் ஈ.

சிறுநீரகம் மாற்றியவர், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுபவர், கீமோ எடுப்பவர் ஆகியோரிடம் எதிர்ப்பொருள் உருவாகாமலே போகலாம். ஐஜிஎம் நெகட்டிவ் என்பதை நம்பாமல் ஈ, பி, சி மூன்றுக்கும் நேராக வைரஸின் மரபணுவைத் தேடுங்கள்.

கர்ப்பிணிக்குக் கடுங்காய்ச்சல், எஸ்ஜிபிடி ஆயிரக்கணக்கில், ஆனால் பிலிருபின் அவ்வளவாக ஏறவில்லை, வெள்ளணுக்கள் குறைவு என்றால் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ். தோலில் கொப்புளம் இல்லாமலும் வரும். பிசிஆருக்கு அனுப்பிவிட்டு, முடிவு வருவதற்கு முன்பே அசைக்ளோவிர் தொடங்க வேண்டிய அபூர்வச் சூழல் இது.

ஏ முதல் ஈ வரை எல்லாம் நெகட்டிவ்

முதலில் மாதிரி எடுத்த நாளைச் சரிபாருங்கள். மிக முன்னதாகவோ மிகத் தாமதமாகவோ எடுத்ததுதான் பெரும்பாலும் விடை. பிறகு மருந்து, மூலிகை, குடி இவற்றை மறுபடி கேளுங்கள். இளம் வயதினருக்கு வில்சன் நோய் (உடலில் செம்பு தேங்கும் பரம்பரை நோய்), பெண்களுக்குத் தன்னெதிர்ப்பு அழற்சி (உடலின் எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்குவது) ஆகியவற்றைப் பாருங்கள். அதன் பின் எப்ஸ்டைன்-பார், சைட்டோமெகலோ, ஹெர்பிஸ், அடினோ வைரஸ்கள், சி-யின் ஆர்என்ஏ.

2022 ஏப்ரலில் பிரிட்டனில் சின்னக் குழந்தைகளுக்கு ஏ முதல் ஈ வரை எதுவும் இல்லாத கடும் அழற்சி வந்ததாக அறிவித்தார்கள். பிளாஸ்மாவைவிட முழு ரத்தத்தில்தான் அடினோ வைரஸ் எளிதாகத் தெரிந்தது, பின்னர் ஏஏவி-2 என்ற துணை வைரஸின் பங்கும் வெளிப்பட்டது. ஆகவே காரணம் புரியாத குழந்தையிடம் ஈடிடிஏ முழு ரத்தம், மலம், தொண்டைத் துடைப்பு, சீரம் நான்கையும் முதல் நாளே எடுத்து வையுங்கள்.

முடிவை எழுதுவது

அறிக்கையில் மாதிரி எடுத்தது நோயின் எத்தனையாவது நாள், எந்தக் கிட், விகிதம் என்ன என்பவை இருக்கட்டும். 'ஈ ஐஜிஎம் பாசிட்டிவ், விகிதம் 6.2, காமாலையின் 5-ஆம் நாள்' என்றால் படிப்பவருக்குப் புரியும். வெறும் 'பாசிட்டிவ்' என்றால் புரியாது. பரவல் அறிக்கையில் எத்தனை பேரில் எத்தனை என்று எழுதி, எந்தக் குடிநீர்ப் பகுதியிலிருந்து வந்தவர்கள் என்று பிரித்துக் காட்டுங்கள்.

முழு அறிக்கை முடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம். முதல் பத்து மாதிரியில் ஏழெட்டு ஒரே வைரஸைக் காட்டினாலே மாவட்டக் கண்காணிப்பு அலகுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். அது ஈ என்றால் அந்தப் பகுதியின் கர்ப்பிணிகள் பட்டியலைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் அன்றைக்கே வாங்கி, ஒவ்வொரு வீட்டிலும் கொதிக்க வைத்த நீர் கொடுக்கப்படுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கடைசி மூன்று மாதத்தில் இருப்பவர்களுக்கு வாந்தியோ சிறுநீர் மஞ்சளோ தெரிந்தால் அதே நாளில் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் ஈ தொற்றினால் ஐந்தில் ஒருவர்வரை இறக்கக்கூடும். குழாய் முனையில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.5 மி.கி. இருக்கிறதா என்று கடைசித் தெருவரை அளக்கச் சொல்லுங்கள். ஈ-யும் ஏ-யும் இல்லை, கோர் ஐஜிஎம் வலுவாக இருக்கிறது என்றால், கடந்த ஆறு மாதத்தில் நோயாளிகள் எல்லோரும் ஊசி போட்டுக்கொண்ட இடம் எது என்பதை அன்று மாலைக்குள் பட்டியலில் மறுபடி தேடுங்கள்.